மனிதவளம், சம்பளம், ஐடி மூன்றுக்கும் ஒரே மென்பொருள்: வளரும் சிங்கப்பூர் நிறுவனங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

யூபியில் ஒரு பொறியியல் சேவை நிறுவனத்தில் கணக்கும் ஆள் நிர்வாகமும் என் பொறுப்பு. நான் சேர்ந்தபோது 14 பேர், இப்போது 63 பேர். ஒரு எக்செல், இரண்டு மென்பொருள் என்று பார்த்துவிட்டு மூன்றாவதில் நிற்கிறோம். தேக்காவில் சாப்பிட உட்கார்ந்தால்கூட தெரிந்த முதலாளி யாராவது எதிரில் வந்து, "எந்த சாஃப்ட்வேர் நல்லது, சொல்லுங்க" என்கிறார். அப்படி வந்த கேள்விகள்தான் இவை. வீதங்களும் வரம்புகளும் 2026 ஜனவரி நிலவரம்.

எங்களிடம் 15 பேர்தான். எக்செல் போதாதா?

போதலாம். எல்லாரும் குடிமக்கள், எல்லாரும் 55 வயதுக்குக் கீழ், மாதச் சம்பளம், ஓவர்டைம் கிடையாது என்றால் 20 பேர் வரைகூட எக்செல்லில் ஓட்டலாம். ஆனால் 12 பேர் உள்ள ஒரு உணவகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஏழு குடிமக்கள், புதிதாக நிரந்தரவாசம் கிடைத்த ஒருவர், வெளிநாட்டவருக்கான வேலை அனுமதியில் ஒரு எஸ் பாஸ், இரண்டு ஒர்க் பர்மிட், வார இறுதிக்கு மட்டும் வரும் ஒருவர். அங்கே எக்செல் சீக்கிரமே மூச்சு வாங்கும். எத்தனை பேர் என்று எண்ணாதீர்கள், எத்தனை வகை என்று எண்ணுங்கள்.

எங்களுக்கு எக்செல் கைவிட்ட கதையைச் சொல்கிறேன். மத்திய சேமநிதிக்கு, அதாவது நாம் சிபிஎஃப் என்று சொல்வதற்கு, மாதச் சம்பளத்தில் ஒரு உச்சவரம்பு உண்டு. நெடுநாளாக 6,000 வெள்ளியாக இருந்தது, 2023 செப்டம்பரில் 6,300, 2024 ஜனவரியில் 6,800, 2025 ஜனவரியில் 7,400, 2026 ஜனவரியில் 8,000 என்று ஏறியது. எங்கள் கோப்பில் அந்த 6800ஐ யாரோ ஃபார்முலாவுக்குள்ளேயே தட்டி வைத்திருந்தார்கள் (யாரோ என்ன, நான்தான்). 2025 ஜனவரியில் 7,400க்கு மேல் வாங்கும் மூன்று பேருக்கும் பழைய வரம்பில் கணக்கு ஓடிவிட்டது. விடுபட்ட 600 வெள்ளிக்கு ஊழியர் பங்கு 20, முதலாளி பங்கு 17 சேர்த்து 37 விழுக்காடு, ஆளுக்கு 222 வெள்ளி, மூன்று பேருக்கு 666. கண்டுபிடித்தது நான் இல்லை. அவர்களில் ஒருவர் கைப்பேசியில் தன் சிபிஎஃப் கணக்கைப் பார்த்துவிட்டு என் மேசைக்கு வந்தார். தாமதத்துக்கு மாதம் 1.5 விழுக்காடு வட்டி கட்டியது பெரிய தொகை இல்லை. ஆனால் அந்த மூன்று பேரும் அதற்கப்புறம் ஆறு மாதம் சம்பளச் சீட்டை எழுத்துக் கூட்டிப் படித்தார்கள்.

"எல்லாம் ஒன்றில்" என்கிறார்களே, உண்மையில் என்ன கிடைக்கிறது?

ஒரு ஊழியருக்கு ஒரே பதிவு. வேலைக்கு எடுத்த அன்று பெயர், பதவி, சம்பளம், சேரும் நாள், பாஸ் வகை ஆகியவற்றை ஒருமுறை உள்ளிடுகிறீர்கள். அதிலிருந்தே நியமனக் கடிதம் போகிறது, விடுப்புக் கணக்கு திறக்கிறது, சம்பளப் பட்டியலில் பெயர் ஏறுகிறது, மின்னஞ்சல் உருவாகிறது, லேப்டாப் யாரிடம் என்று பதிவாகிறது. தனித்தனி மென்பொருளில் இதையே மூன்று பேர் மூன்று இடத்தில் தட்டுவார்கள். சேரும் நாள் ஒன்றில் 3ஆம் தேதியாகவும் இன்னொன்றில் 5ஆம் தேதியாகவும் இருக்கும்.

இதில் ஒரு சூது உண்டு. சந்தையில் "எல்லாம் ஒன்றில்" என்று விற்கப்படுபவற்றில் சில, மூன்று தனி மென்பொருளை ஒரே முகப்புக்குப் பின்னால் ஒட்டவைத்தவை. வெளியே பார்த்தால் தெரியாது. செயல்விளக்கம் காட்டும்போது ஓர் ஊழியரின் பிரிவை மாற்றச் சொல்லுங்கள். உடனே சம்பளப் பக்கத்தையும் ஐடி பக்கத்தையும் திறக்கச் சொல்லுங்கள். "அது இரவு ஒத்திசைவாகும்" என்று பதில் வந்தால், நீங்கள் பார்ப்பது ஒட்டுவேலை. அதற்காகவே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒரே பொருளின் விலையைக் கொடுக்காதீர்கள்.

செயல்விளக்கத்தில் எல்லாமே அழகாக ஓடுகிறது. எதை வைத்துத் தரம் பார்ப்பது?

விற்பனையாளர் வைத்திருக்கும் மாதிரி நிறுவனத்தில் எல்லாருக்கும் 30 வயது, எல்லாரும் குடிமக்கள், யாரும் வேலையை விடுவதில்லை. அதில் எந்த மென்பொருளும் ஓடும். உங்கள் அலுவலகத்திலேயே சிக்கலான ஆட்கள் ஐந்து பேரைப் பெயர் மாற்றி எடுத்துக்கொண்டு போங்கள். நான் கொண்டுபோன ஐந்து பேர் இவர்கள்.

முதலாமவர், மே மாதம் 55 வயது நிறைகிறவர், சம்பளம் 5,000 வெள்ளி. மே வரை அவர் பங்கு 20 விழுக்காடு, 1,000 வெள்ளி. முதலாளி பங்கு 17 விழுக்காடு, 850. பிறந்தநாளுக்கு அடுத்த மாதம் 1ஆம் தேதியிலிருந்து வீதம் மாறும். ஆக ஜூன் சம்பளத்தில் அவர் பங்கு 18 விழுக்காடு, 900 வெள்ளி, நம் பங்கு 16 விழுக்காடு, 800 வெள்ளி. யாரும் எதையும் தொடாமல் ஜூனில் இந்த எண்கள் வருகின்றனவா? பிறந்த தேதி கையில் இருந்தும் "நீங்கள் போய் வயதுப் பிரிவை மாற்ற வேண்டும்" என்று ஒரு மென்பொருள் கேட்டது. அதோடு அதை மூடிவிட்டேன்.

இரண்டாமவர் மாதம் 8,500 வெள்ளி வாங்குகிறார், ஆண்டு இறுதியில் இரண்டு மாத போனஸ், 17,000 வெள்ளி. மாதச் சம்பளத்தில் 8,000 வரைதான் சிபிஎஃப். ஆண்டுக்கு அது 96,000. ஆண்டு உச்சவரம்பு 102,000. எனவே போனஸில் 6,000 வெள்ளிக்கு மட்டும்தான் சிபிஎஃப் வர வேண்டும். மென்பொருள் 17,000க்கும் பிடித்துக் காட்டினால், டிசம்பரில் உங்கள் அறைக்கு வெளியே வரிசை நிற்கும்.

மூன்றாமவர், நிரந்தரவாசம் கிடைத்து இரண்டாம் ஆண்டில் இருப்பவர். 55 வயது வரை உள்ளவர்களுக்கு முதல் ஆண்டில் முதலாளி 4, ஊழியர் 5 விழுக்காடு. இரண்டாம் ஆண்டில் முதலாளி 9, ஊழியர் 15. மூன்றாம் ஆண்டிலிருந்து முழு வீதம். இதிலும் ஒரு கிளை இருக்கிறது. இரு தரப்பும் சேர்ந்து விண்ணப்பித்தால் முன்கூட்டியே கூடுதல் வீதத்தில் கட்டலாம். ஆக "இரண்டாம் ஆண்டு நிரந்தரவாசி" என்று இரண்டு பேர் இருந்தாலும் இருவருக்கும் வேறு வேறு கணக்கு ஓடக்கூடும். அதைப் பதிய இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

நான்காமவர் தமிழ்நாட்டிலிருந்து எம்ப்ளாய்மெண்ட் பாஸில் வந்தவர், 6,500 வெள்ளி. வெளிநாட்டவர், சிபிஎஃப் இல்லை. அதனாலேயே பல மென்பொருள்கள் "பிடித்தம் எதுவும் இல்லை" என்று முடித்துவிடும். ஆனால் இந்திய வம்சாவளியினர் எம்ப்ளாய்மெண்ட் பாஸில் இருந்தாலும் சிண்டா நிதி (இந்தியச் சமூக சுயஉதவி அமைப்புக்குப் போகும் சந்தா) உண்டு. அவர் சம்பளத்துக்கு மாதம் 9 வெள்ளி, அவரே படிவம் கொடுத்து விலகாத வரை. முதலாளி கட்டும் திறன் மேம்பாட்டுத் தீர்வை வெளிநாட்டவருக்கும் உண்டு: சம்பளத்தில் 0.25 விழுக்காடு, குறைந்தது 2 வெள்ளி, அதிகபட்சம் 11.25. இதை ஊழியர் சம்பளத்தில் பிடிக்கவே கூடாது. பக்கத்திலேயே இன்னொன்றையும் கேளுங்கள். சிண்டா இனத்தைப் பார்த்து வருவது, பள்ளிவாசல் கட்டுமானத்துக்கும் மலாய், முஸ்லிம் சுயஉதவி அமைப்பான மெண்டாக்கிக்கும் போகும் நிதி மதத்தைப் பார்த்து வருவது. இனமும் மதமும் தனித்தனிக் கட்டங்களாக இல்லாத மென்பொருளில் தமிழ் முஸ்லிம் ஊழியருக்குச் சரியான கணக்கு வராது.

ஐந்தாமவர் கிடங்கில் வேலை செய்பவர், அடிப்படைச் சம்பளம் 2,200 வெள்ளி, ஓவர்டைம் உண்டு. ஒரு மணி நேரத்துக்கு 2,200ஐ 12ஆல் பெருக்கி, 52 வாரம் 44 மணி நேரத்தால் வகுத்தால் 11.54. ஒன்றரை மடங்கு, 17.31. மாதத்துக்கு 72 மணி நேர வரம்பைத் தாண்டும்போது எச்சரிக்கை வருகிறதா? வருகைப் பதிவிலிருந்து மணி நேரம் தானாக வந்து விழுகிறதா, இல்லை மேற்பார்வையாளர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் படத்தைப் பார்த்து நீங்கள் தட்ட வேண்டுமா? இரண்டாவது என்றால் எக்செல்லிலிருந்து நீங்கள் அதிக தூரம் வரவில்லை.

இந்த ஐந்து பேரையும் எதிரிலேயே போட்டுக் காட்டச் சொல்லுங்கள். "அப்புறம் அனுப்புகிறோம்" என்று சொல்பவர்கள் பெரும்பாலும் அனுப்புவதில்லை.

எங்கள் ஊழியர் பலருக்குக் குடும்பப் பெயரே கிடையாது. அது ஒரு பிரச்சினையா?

நிறையவே. இதை யாரும் கேட்பதில்லை என்பதால் நானே நுழைக்கும் கேள்வி இது.

சிங்கப்பூர் அடையாள அட்டையில் நம் பெயர் "இன்னார் சன் ஆஃப் இன்னார்" என்று ஒரே வரியில் இருக்கும். ஊரிலிருந்து வருபவர் கடப்பிதழில் குடும்பப் பெயர் கட்டம் காலியாகவே இருக்கும். வெளிநாட்டு மென்பொருளோ முதல் பெயர், கடைசிப் பெயர் இரண்டும் கட்டாயம் என்று அடம்பிடிக்கும். அவசரத்தில் ஒருவர் புள்ளி வைப்பார், ஒருவர் பெயரையே இருமுறை தட்டுவார், ஒருவர் அப்பா பெயரைப் போடுவார். அங்கிருந்துதான் வேடிக்கை தொடங்கும். ஐடி பகுதி "கடைசிப் பெயரில்" மின்னஞ்சல் முகவரி உருவாக்கும். எங்கள் அலுவலகத்தில் ஒரு பெண் முதல் நாள் வந்து கணினியைத் திறந்தால், "வணக்கம், ராமலிங்கம்" என்று வரவேற்பு. ராமலிங்கம் அவருடைய அப்பா. சிரித்துவிட்டுத்தான் சொன்னார், ஆனாலும் முகவரியை மாற்ற நான்கு நாள் ஆனது, ஏனென்றால் அதற்குள் அது ஏழு இடங்களில் பரவிவிட்டது.

கேட்க வேண்டியது இதுதான்: முழுப் பெயருக்கு ஒரு கட்டம், அழைக்கும் பெயருக்கு இன்னொரு கட்டம் இருக்கிறதா? சிபிஎஃப், வரி, வங்கிக் கோப்புகளுக்கு ஆவணத்தில் உள்ள முழுப் பெயரும், மின்னஞ்சலுக்கு அழைக்கும் பெயரும் போகிறதா? ஆம் என்றால் பாதித் தலைவலி போச்சு.

மாதச் சம்பளம் தவிர, அரசாங்கத்துக்குப் போக வேண்டிய வேறு எதை மென்பொருள் பார்த்துக்கொள்ள வேண்டும்?

சிபிஎஃப் சந்தா மாதக் கடைசி நாளுக்குள் கட்ட வேண்டியது, அடுத்த மாதம் 14ஆம் தேதி வரை அவகாசம். மென்பொருள் கோப்பை நேரடியாக அனுப்புகிறதா, இல்லை நீங்கள் இறக்கி ஏற்ற வேண்டுமா என்று பாருங்கள். இரண்டாவதும் மோசமில்லை, ஐந்து நிமிட வேலைதான்.

வருமான வரிக்கு, ஐந்து ஊழியருக்கு மேற்பட்ட நிறுவனம் மட்டுமில்லை, சரியாக ஐந்து பேர் இருந்தாலும் ஐஆர்8ஏ எனும் ஊழியர் ஆண்டு வருமான விவரங்களை மார்ச் 1க்குள் மின்வழியாக உள்நாட்டு வருவாய் ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். இது கட்டணத்துக்குள் அடங்குமா, "கூடுதல் சேவை"யா என்று விலைப் பேச்சிலேயே கேட்டுவிடுங்கள். பிப்ரவரியில் கேட்டால் விலை வேறாக இருக்கும்.

சம்பளச் சீட்டு 2016 ஏப்ரல் 1 முதல் எல்லா முதலாளிக்கும் கட்டாயம். வேலை நிபந்தனைகளை எழுத்தில் 14 நாளுக்குள் கொடுக்க வேண்டும். இந்த இரண்டையும் இன்று எந்த மென்பொருளும் செய்யும், நேரம் செலவழிக்காதீர்கள்.

நான் அழுத்திக் கேட்பது ஐஆர்21. வெளிநாட்டு ஊழியர் வேலையை விடுகிறார் என்றால், கடைசி நாளுக்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பே வரித் தீர்வுக்கு அறிவிக்க வேண்டும், அவருக்குக் கொடுக்க வேண்டிய பணத்தையும் நிறுத்தி வைக்க வேண்டும். ராஜினாமாவைப் பதிந்த அன்றே மென்பொருள் இதை எழுப்ப வேண்டும். மாதக் கடைசியில் சம்பளம் வங்கிக்குப் போனபிறகு நினைவு வந்தால், அந்த வரிக்கு நாம்தான் பொறுப்பு.

விடுப்பு வகைகளும் இங்கே தனி ரகம்: தேசிய சேவைப் பயிற்சி, பிள்ளைப் பராமரிப்பு விடுப்பு, 2025 ஏப்ரல் முதல் தந்தையருக்குக் கட்டாயமான நான்கு வாரம், 2026 ஏப்ரலில் ஆறிலிருந்து பத்து வாரமாகும் பகிர்ந்துகொள்ளும் பெற்றோர் விடுப்பு. விதி மாறினால் அதே மாதத்தில் மென்பொருளும் மாறுமா? போன முறை விதி மாறியபோது எந்தத் தேதியில் புதுப்பித்தார்கள் என்று கேளுங்கள். தேதி சொல்ல முடிந்தவர்களை நம்பலாம்.

எங்களுக்கு ஐடி ஆளே இல்லை. ஐடி பகுதி எதற்கு?

ஐடி ஆள் இருந்தால் ஒருவர் போகும்போது யாராவது நினைவு வைத்து மூடுவார்கள். இல்லாத இடத்தில் யாரும் மூடுவதில்லை. எங்களிடம் விற்பனையில் இருந்தவர் ஒருவர் நல்லபடியாகத்தான் விடைபெற்றார், கேக் எல்லாம் வெட்டினோம். ஐந்து மாதம் கழித்து வரைபட மென்பொருளின் கட்டண ரசீதைப் பிரித்துப் பார்த்தால் அவர் பெயரில் இன்னும் உரிமம் ஓடிக்கொண்டிருந்தது. தேடிப் பார்த்ததில், எங்கள் விலைப்புள்ளிகள் உள்ள கோப்புறை அவர் வீட்டுக் கணினியில் தினமும் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டிருந்தது. அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, அவருக்கே தெரியாது. அவர் புதிதாகச் சேர்ந்த இடம் எங்கள் போட்டி நிறுவனம்.

மனிதவளமும் ஐடியும் ஒரே பதிவில் இருந்தால், கடைசி நாள் 30ஆம் தேதி மாலை 6 மணி என்று போட்டதும் அந்த நேரத்தில் உள்நுழைவு மூடும், மின்னஞ்சல் மேலாளருக்குத் திரும்பும், உரிமம் விடுபடும், லேப்டாப் பூட்டும். ஒருவர் சேரும்போது மிச்சமாகும் நேரத்தைத்தான் விற்பனையாளர்கள் பெரிதாகக் காட்டுவார்கள். எனக்கு அதைவிட இந்த மாலை 6 மணிதான் முக்கியம்.

இதே வசதி திருப்பியும் அடிக்கும். ஒப்பந்த ஊழியர் ஒருவருக்கு பாஸ் காலாவதித் தேதியை யாரோ "கடைசி நாள்" கட்டத்தில் பதிந்துவிட்டார்கள். பாஸ் புதுப்பித்தாயிற்று, கட்டத்தை யாரும் மாற்றவில்லை. நள்ளிரவில் அவர் கணக்கு பூட்டிக்கொண்டது, அன்று காலை ஒன்பது மணிக்கு ஜூரோங்கில் வாடிக்கையாளர் முன்னால் கணினியைத் திறக்க முடியாமல் நின்றார். எனவே தானாக மூடுவதற்கு முந்தைய நாள் ஒரு மனிதர் "சரி" என்று அழுத்தும் படி இருக்கட்டும்.

எவ்வளவு வாங்குவது? 40 பேருக்குக் கீழே என்றால் கணக்கு திறப்பது, மூடுவது மட்டும் போதும் என்பது என் எண்ணம். சாதன நிர்வாகத்தை, அதாவது லேப்டாப், கைப்பேசிகளைத் தொலைவிலிருந்தே கட்டுப்படுத்தும் மென்பொருளை, தனியாக வாங்கும் முன் கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். மைக்ரோசாஃப்ட் 365 பிசினஸ் பிரீமியம் வைத்திருப்பவர்களுக்கு அந்த வேலையைச் செய்யும் இன்டியூன் ஏற்கெனவே அதில் அடக்கம். பலர் அது தெரியாமல் இன்னொன்றுக்கும் கட்டுகிறார்கள். இன்னொரு பொறி, ஒரே உள்நுழைவில் எல்லாச் செயலிகளையும் திறக்கும் வசதி. உங்கள் மென்பொருள் அதைத் தந்தாலும், மறுபக்கம் உள்ள செயலி அதை விலை கூடிய திட்டத்தில் மட்டும் வைத்திருக்கும். நீங்கள் பயன்படுத்தும் செயலிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தபின்தான் கணக்குப் போட வேண்டும்.

ஊழியரின் சொந்தக் கைப்பேசியில் நிறுவன மின்னஞ்சல் இருந்தால், போகும்போது அலுவலகத் தரவு மட்டும் அழியுமா, பிள்ளையின் பிறந்தநாள் படமும் சேர்ந்து போய்விடுமா என்று எழுத்தில் வாங்குங்கள்.

விற்பனையாளர் அமைத்துத் தர என் சிங்பாஸைக் கேட்கிறார். கொடுக்கலாமா?

கூடாது. சிங்பாஸ் அரசாங்கச் சேவைகளுக்கான உங்கள் சொந்த மின்னடையாளம்; நிறுவனத்துக்கான கார்ப்பாஸில் தேவையான சேவைக்கு மட்டும் அவர்களுக்கு அனுமதி கொடுக்க வழி இருக்கிறது. அது தெரியாத விற்பனையாளர் சிங்கப்பூர்ச் சம்பளப் பட்டியல் அதிகம் பார்த்ததில்லை என்று அர்த்தம்.

சென்னையிலும் எங்களுக்கு அலுவலகம் உண்டு. உலகளாவிய மென்பொருள் நல்லதா, உள்ளூர் மென்பொருளா?

நம்மவர்களில் பாதிப் பேருக்கு சென்னையிலோ கோவையிலோ திருச்சியிலோ பின்னலுவலகம் இருக்கிறது, அதனால் இது சரியான கேள்விதான். உலகளாவிய மென்பொருளின் மனிதவளப் பகுதியும் ஐடி பகுதியும் பொதுவாக மெருகாக இருக்கும். சம்பளப் பகுதியில்தான் நின்று பார்க்க வேண்டும். "இத்தனை நாடுகளில் சம்பளம் போடுகிறோம்" என்றால், தங்கள் சொந்தக் கணக்கியந்திரத்தில் போடுகிறார்களா, அந்தந்த நாட்டில் ஒரு கூட்டாளி நிறுவனத்துக்கு அனுப்பி வாங்குகிறார்களா என்று கேளுங்கள். கூட்டாளி வழியென்றால் 25ஆம் தேதி கண்டுபிடித்த பிழையைத் திருத்த நீங்கள் ஒருவருக்கு எழுதி, அவர் இன்னொருவருக்கு எழுதி, பதில் வரும்போது 28 ஆகியிருக்கும்.

இந்தியப் பக்கத்துக்கும் ஒரு சோதனை வைத்திருக்கிறேன். தமிழ்நாட்டில் தொழில் வரி அரையாண்டுக்கு ஒருமுறை பிடிப்பது. மாதா மாதம் பிடிக்கும் மாநிலங்களைப் பார்த்து எழுதிய மென்பொருளுக்கு இது புரியாது. "சென்னை ஊழியருக்குத் தொழில் வரி எந்த மாதம் பிடிப்பீர்கள்?" என்று கேட்டுவிட்டு முகத்தைப் பாருங்கள்.

எங்கள் முடிவு: சிங்கப்பூர் ஆட்கள் அதிகம், அதனால் சம்பளத்துக்கு இங்கே உருவான மென்பொருள். சென்னையில் 9 பேர்தான், அவர்கள் சம்பளத்தை அங்குள்ள ஆடிட்டர் பார்க்கிறார். விடுப்பு மட்டும் ஒரே இடத்தில். பாதிக்குப் பாதி ஆட்கள் அங்கே இருந்திருந்தால் வேறு மாதிரி முடிவெடுத்திருப்போம்.

விலை எப்படிப் போடுகிறார்கள்? மானியம் கிடைக்குமா?

தலைக்கு மாதம் இத்தனை வெள்ளி. ஒரு பேச்சுக்கு 8 வெள்ளி என்று வைத்தால் 45 பேருக்கு ஆண்டுக்கு 4,320, அடுத்த ஆண்டு 70 பேரானால் 6,720. இது தெரிந்த செலவு. தெரியாதவை: தொடக்க அமைப்புக் கட்டணம், குறைந்தபட்ச இருக்கை எண்ணிக்கை, வேலையை விட்டவர் பதிவை வைத்திருக்கவும் கட்டணமா என்பது. கடைசியாகச் சொன்னது சட்டத்தோடு உரசும். விலகியவரின் கடைசி இரண்டு ஆண்டுப் பதிவுகளை, அவர் போனபின் ஓராண்டு நாம் வைத்திருக்க வேண்டும். அந்த வைப்புக்குத் தலைக்கு முழுக் கட்டணம் கேட்டால், ஆள் அடிக்கடி மாறும் உணவகத்துக்கும் துப்புரவு நிறுவனத்துக்கும் கட்டுப்படியாகாது.

மானியம் உண்டு. உற்பத்தித்திறன் தீர்வுகள் மானியம் தகுதியான செலவில் 50 விழுக்காடு வரை தாங்கும். நிறுவனம் இங்கே பதிவானதாக, குறைந்தது 30 விழுக்காடு உள்ளூர்ப் பங்குடையதாக இருக்க வேண்டும், மென்பொருளும் முன்னரே அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் இருக்க வேண்டும். முக்கியமானது வரிசை: விண்ணப்பிக்கும் முன் கையெழுத்துப் போட்டாலோ முன்பணம் கொடுத்தாலோ மானியம் போச்சு. "இந்த வாரத் தள்ளுபடி" என்று விற்பனையாளர் அவசரப்படுத்தும்போது இது நினைவில் இருக்கட்டும். மானியம் இருக்கிறது என்பதற்காகவே ஒன்றை வாங்கவும் வேண்டாம். மானியம் முதலில் ஒரு தடவைதான், அதற்கப்புறம் ஆண்டுதோறும் முழு விலை நம் கையிலிருந்து.

ஊழியர் விவரம் எல்லாம் ஒரே இடத்தில். கசிந்துவிட்டால்?

மென்பொருள் யாருடையதாக இருந்தாலும், தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் முன் நாமும் பதில் சொல்ல வேண்டும். 500 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்டாலோ, கணிசமான தீங்கு வரக்கூடியதாக இருந்தாலோ, அப்படி என்று மதிப்பிட்ட மூன்று நாளுக்குள் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையத்துக்கு அறிவிக்க வேண்டும். எனவே கசிவு நடந்தால் எத்தனை மணி நேரத்தில் நமக்குச் சொல்வார்கள் என்பது ஒப்பந்தத்தில் எண்ணாக இருக்கட்டும். தரவு எந்த நாட்டில் இருக்கிறது, இரட்டைச் சரிபார்ப்பு எல்லாருக்கும் கட்டாயமாக்க முடியுமா, மேலாளர் தன் குழுவின் விடுப்பைப் பார்க்கலாம் ஆனால் சம்பளத்தைப் பார்க்க முடியாது என்று பிரிக்க முடியுமா, இவற்றையும் பார்த்துவிடுங்கள்.

தளத்தில் வேலை பார்க்கும் தம்பிகள் செயலியைப் பயன்படுத்துவார்களா?

பயன்படுத்துவார்கள், சம்பளச் சீட்டு தெரிகிறது என்றால். புதுக்கோட்டையிலிருந்து வந்த ஒரு தம்பி ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் பணம் அனுப்ப வரிசையில் நின்றபடி ஓவர்டைம் வரியைத் திரையில் விரித்துக் காட்டி, "அண்ணே, இதுல 14ஆம் தேதி நாலு மணி நேரம் காணோமே" என்றார். அவர் சொன்னது சரி. தாள் சீட்டு காலத்தில் அந்தக் கேள்வி வந்திருக்காது.

செயலி தமிழில் இருப்பது அபூர்வம். நாங்கள் ஒரு பக்கம் தமிழில் அச்சடித்து விடுதியில் ஒட்டினோம்: எந்தப் பொத்தான் விடுப்பு, எந்தப் பொத்தான் மருத்துவச் சான்று. கடவுச்சொல் மறந்தால் மின்னஞ்சலுக்கு இணைப்பு அனுப்பும் மென்பொருள் இவர்களுக்கு ஆகாது. கைப்பேசி எண்ணுக்கு வர வேண்டும்.

எப்போது மாறுவது நல்லது?

ஜனவரி. வரியும் சிபிஎஃப் ஆண்டு வரம்பும் நாட்காட்டி ஆண்டில் ஓடுபவை. ஜூலையில் மாறினால் ஆறு மாத எண்களை ஒவ்வொருவருக்கும் கொண்டுவர வேண்டும், இல்லையென்றால் மேலே சொன்ன 8,500 வெள்ளிக்காரரின் போனஸில் பிழை காத்திருக்கும். தீபாவளி முன்பணம் கொடுக்கும் மாதத்திலும் சீனப் புத்தாண்டுக்கு முன் சம்பளத்தைச் சீக்கிரம் போடும் மாதத்திலும் கை வைக்காதீர்கள்.

இரண்டு மாதம் பழையதையும் புதியதையும் இணையாக ஓட்டி, காசு வரை ஒப்பிடுங்கள். எங்களுக்கு முதல் மாதம் 11 பேருக்கு வித்தியாசம் வந்தது. அதில் ஏழு புதிய மென்பொருளின் அமைப்பில் இருந்த பிழை. மீதி நான்கு, பழையதில் நாங்கள் நெடுநாளாகத் தவறாகவே செய்துகொண்டிருந்தவை.

விடுப்பு மிச்சத்தை மாற்றும் முன் ஒவ்வொருவரிடமும் எண்ணைக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். சம்பளத்தில் 20 வெள்ளி விட்டுக்கொடுப்பவர்கூட அரை நாள் விடுப்பை விட்டுக்கொடுக்கமாட்டார்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் கடைசியாக?

தானாகப் புதுப்பிக்கும் விதி இருக்கிறதா, விலக எத்தனை நாள் முன்னறிவிப்பு, விலகும்போது சம்பளச் சீட்டுகள், விடுப்புப் பதிவு, இணைத்த ஆவணங்கள் எல்லாம் திறந்து படிக்கக்கூடிய கோப்பாகக் கிடைக்குமா. எங்கள் முதல் மென்பொருளிலிருந்து வெளியேறும்போது நூற்றுக்கணக்கான சம்பளச் சீட்டுகளை ஒவ்வொன்றாக இறக்கினோம். இரண்டு பயிற்சி மாணவர்கள், ஒரு வாரம், நிறைய பிரியாணி.

சரி, நீங்கள் எதை வைத்திருக்கிறீர்கள்?

பெயர் சொல்லமாட்டேன். என் ஐந்து பேருக்குப் பொருந்தியது உங்கள் ஐந்து பேருக்குப் பொருந்தாமல் போகலாம், அப்புறம் தேக்காவில் என்னைத்தான் பிடிப்பீர்கள். மனிதவளமும் சம்பளமும் ஒன்றில் இருக்கின்றன, மின்னஞ்சல் கணக்கு திறப்பதும் மூடுவதும் அதிலிருந்தே நடக்கிறது. லேப்டாப் நிர்வாகத்தை இன்னும் வாங்கவில்லை. எந்த லேப்டாப் யாரிடம் என்பது ஒரு பச்சை நோட்டில் இருக்கிறது, அலமாரிச் சாவி என் இழுப்பறையில். நூறு பேரானதும் பார்ப்போம்.